பின்னணிச் சத்தம்

தரமணியில் இரவு இரண்டு மணி.
காதில் ஹெட்போன், காலடியில் பெடல்.
கடலுக்கு அப்பால் ஒரு டாக்டர்
யாருடைய பித்தப்பையையோ
எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
நான் தட்டச்சு செய்கிறேன்,
வரிக்கு இத்தனை பைசா என்று.

அன்று அவர் இருமினார்.
நாற்காலி கிறீச்சிட்டது.
கல் ஏழு மில்லிமீட்டர் என்பதற்கும்
நோயாளி நலம் என்பதற்கும் நடுவே
அவர் யோசித்த நான்கு நொடியில்
அந்த அறையின் மூலையில் யாரோ
சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

புரியாத இடத்தில் கோடு போடு
என்பது அலுவலக விதி.
கோடு போட்டேன்.
பெடலைப் பின்னுக்கு அழுத்தி
அந்த நான்கு நொடியைப் பதினொரு முறை கேட்டேன்.
அன்று என் கணக்கில்
நூற்றிருபது வரி குறைந்தது.

பக்கத்து நாற்காலி பெர்னதெத்,
ராயபுரத்துக்காரி,
ஞாயிறு பூசையில் ஆல்டோ பாடுபவள்,
என் ஹெட்போனில் ஒரு காதைக் கடன் வாங்கிக் கேட்டுவிட்டு
"சுதியில நிக்க மாட்டேங்கறான்டி" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா விழவும் மாட்டேங்கறான்."

பிறகு அந்த டாக்டரின் ஃபைலுக்கு
நாங்கள் அடித்துக்கொண்டோம்.
கல்லீரல் வந்தால் அவளுக்கு,
குடல்வால் எனக்கு.
அவர் குழம்பும் நாளெல்லாம் எங்களுக்கு விருந்து.
பாவம், அந்த நோயாளிகள்.

இதற்குப் பெயர் ஜாஸ் என்று தெரியவே
ஒரு மாதம் ஆயிற்று.
தெரிந்த பிறகு இன்னும் கஷ்டம்.
எது எங்கே போகும், எதில் ஏறுவது,
கோயம்பேட்டில் முதல்முறை இறங்கியவள் மாதிரி
பையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ரிச்சி தெருவில் யாரிடமோ பேரம் பேசி
பெர்னதெத் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தாள்.
உள்ளே அறுநூறு ஃபைல்.
ஊதியவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை,
ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு, அவ்வளவுதான்.
பெயர் நாங்களே வைத்தோம்.

குடை மறந்தவன்: பியானோ மட்டும்.
வலது கை நனைந்துகொண்டே நடக்க
இடது கை கடை ஓரம் ஒதுங்கி நிற்கும்.
கடன்காரன்: டிரம்ஸ்.
ஆள் உள்ளே இருப்பது தெரிந்துவிட்ட தட்டல்.
அண்ணி: அந்தப் பெண் குரல்.
ஒவ்வொரு சொல்லையும்
வாசலில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து,
அரை மாத்திரை பிந்தித்தான் வெளியே அனுப்புவாள்.

அவளுக்கு அண்ணி. எனக்குக் குடை மறந்தவன்.
இதற்காக இரண்டு நாள்
பேசாமல் இருந்திருக்கிறோம்.
உண்மைப் பெயர்கள் பின்னால் தெரியவந்தன.
பள்ளிப் பதிவேட்டில் கிடப்பது போல
அவை ஒரு பக்கம் கிடக்கின்றன.

விடியற்காலை வேனில் ஒரு நாள் போட்டுவிட்டோம்.
டிரம்பெட் வந்ததும்
டிரைவர் கஜபதி தானாகவே சத்தத்தைக் கூட்டினார்.
"எங்க மாமன் பேண்டு செட்டு.
கல்யாணத்துக்கும் ஊதுவாரு, சாவுக்கும் ஊதுவாரு.
இந்தாளு ரெண்டையும்
ஒரே மூச்சுல ஊதுறான் பாரேன்."
மத்திய கைலாஷில் பச்சை விழுந்தும்
வண்டி நகரவில்லை.
பின்னால் பால் லாரி ஹாரன் அடித்தது.
அதுவும் சுதியில்தான் சேர்ந்தது என்று
பெர்னதெத் மாதா மேல் சத்தியம் செய்கிறாள்.

போன திங்கள் ஃபைலைத் திறந்தேன்.
டாக்டர் மட்டும் இருந்தார்.
இருமல் இல்லை, நாற்காலி இல்லை.
புது மென்பொருள் வந்திருக்கிறதாம்,
பின்னணிச் சத்தத்தைத் தானே துடைத்துவிடுமாம்.
மேலாளர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அவர் பழையபடிதான் யோசிக்கிறார்.
நான்கு நொடி. ஐந்து நொடி.
அங்கே ஏதோ ஓடுகிறது,
அவருக்குக் கேட்கிறது.

வெள்ளையடித்த அந்த இடைவெளிக்குள்
குடை மறந்தவனை நடக்கவிட்டேன்.
நோயாளி நலம் என்றார்.
விரல் கொஞ்சம் முன்னே பின்னே போய்
நோயாளிக்கும் நலத்துக்கும் நடுவே
ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது.

தரப் பிரிவு சிவப்பில் வட்டமிட்டு
மறுநாளே திருப்பி அனுப்பியது:
இங்கே எதற்கு நிறுத்தம்?